கொட்டகையில் நிற்கும் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய உயர்வகைக் கார்களைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் மேலூரிலிருந்து வந்தது மிக நீளமானது. கேட்டிருக்கும் செய்தியும் கனமானது என்பதால் இப்பகுதியின் பெரும் இடத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மேலூர் வாசகர்: எங்கள் அரிசி ஆலையின் பின்கொட்டகையில் தாத்தா காலத்து ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடாமல் நிற்கிறது. சிவகங்கைப் பக்கத்து ஜமீன் ஒன்றிலிருந்து 1951-ல் தாத்தா அதை வாங்கினார் என்று அப்பா சொல்வார். அத்தையோ, அது மதுரை மில்லில் இருந்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் கார் என்று உறுதியாகச் சொல்கிறார். ஆர்.சி. புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறது. அதற்கு முந்தைய காகிதம் ஒன்றும் இல்லை. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில் 'ஜி' என்று தொடங்கும் மூன்று ஆங்கில எழுத்துகளும் இரண்டு இலக்க எண்ணும் தெரிகின்றன. அடிச்சட்டத்தின் பின்பகுதியில் எதற்கென்று விளங்காத நான்கு துளைகள் இருக்கின்றன. இந்தக் காரின் பூர்வீகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் அப்பா சொல்வதும் அத்தை சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. 1930-களில் இறக்குமதியான ஒரு கார் 1951-க்குள் இரண்டு மூன்று பேரிடம் கைமாறியிருப்பது இயல்புதான்; மில் அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது ஜமீனுக்கு விற்றுவிட்டுப் போயிருக்கலாம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்தபின் அரண்மனைச் செலவைக் குறைக்க வேண்டி அவர்கள் அதை உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்திருக்கலாம். இது என் ஊகமே. ஆனால் எந்த ஆண்டில் எவரிடம் இருந்தது என்று ஆண்டுவாரியாகத் தேடினால், குடும்பத்துக்குள் நடக்கும் வழக்கு பாதி தீர்ந்துவிடும். பழைய கார் என்றாலே ராஜா வீட்டுக் கார் என்று சொல்லிவிடும் பழக்கம் நம் பக்கத்தில் உண்டு. வழக்கறிஞர்கள், லேவாதேவி செய்த நகரத்தார், பஞ்சாலை அதிகாரிகள் ஆகியோரிடமும் அன்று உயர்ந்த கார்கள் இருந்தன.

முதலில் தகட்டைப் பார்ப்போம். ஜி என்று தொடங்கும் மூன்றெழுத்தும் எண்ணும் இருந்தால், உங்களுடையது இங்கிலாந்தின் டெர்பி ஆலையில் 1929 முதல் 1936 வரை ஏறத்தாழ 3,800 அளவில் உருவான 20/25 என்னும் வகையாகவோ, அதைத் தொடர்ந்து 1938 வரை வந்த 25/30 என்னும் வகையாகவோ இருக்கக் கூடும். இரண்டும் ஆறு சிலிண்டர்தான். முன்னதன் எஞ்சின் 3,669 கன சென்டிமீட்டர், பின்னதன் எஞ்சின் 4,257. 1920-களில் வந்த ட்வென்டி என்னும் முந்தைய வகையிலும் இத்தகைய எண்கள் உண்டு. அந்த மூன்றெழுத்து வரிசையே எந்த வகை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதைச் சொல்லிவிடும். தகட்டில் இருப்பது சேசிஸ் எண், அதாவது அடிச்சட்டத்தின் எண். எஞ்சினுக்குத் தனி எண் உண்டு, அது எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் மங்கலாக இருந்தால் பக்கவாட்டிலிருந்து டார்ச் ஒளியைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். உப்புத்தாள், பாலிஷ், அமிலம் எதுவும் வேண்டாம். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு ஹம்பர் காரின் தகட்டை மெருகேற்ற ஒரு பட்டறையில் கொடுத்தேன். கண்ணாடி போல மின்னும் தகடு திரும்பி வந்தது, எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் வரவில்லை. அந்தக் காரின் பிறப்புச் சான்று அன்றோடு போயிற்று.

அந்த நாளில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் முழுக் காரை விற்கவில்லை. இன்று கரூருக்கு வெறும் சேசிஸாகப் போகும் வண்டி அங்கே பாடி கட்டிக்கொண்டு பேருந்தாகத் திரும்புகிறதே, அதைப் போலத்தான் அன்றும்: அடிச்சட்டமும் எஞ்சினும் ரேடியேட்டரும் டெர்பியில் தயாராகும், வாங்குபவர் விருப்பப்படி பார்க்கர், ஹூப்பர், பார்க் வார்டு போன்ற நிறுவனங்களில் ஒன்று அதன்மேல் பாடி கட்டும். எனவே உங்கள் காருக்கு இரண்டு பிறப்புகள். பாடி கட்டியவரின் பெயர் கதவைத் திறந்தால் கால் வைக்கும் இடத்துத் தகட்டில் இருக்கலாம். அது போயிருந்தாலும் இருக்கைக்கு அடியிலுள்ள பலகையிலோ, தரைப் பலகையின் அடிப்புறத்திலோ பாடியின் எண் குத்தப்பட்டிருக்கக் கூடும். கறையான் அரித்த பலகை என்று அடுப்புக்கு அனுப்பும் முன் அதைத் திருப்பிப் பாருங்கள்.

சேசிஸ் எண் உறுதியானதும், இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்துப் பாலர்ஸ்பரி என்னும் ஊரில் ஹன்ட் ஹவுஸ் என்ற இடத்தில் இயங்கும் ரோல்ஸ் ராய்ஸ் ஆர்வலர் மன்றத்துக்கு எழுதுங்கள். டெர்பி காலத்துக் கார்களின் தயாரிப்பு அட்டைகள் அங்கே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் நகல் கிடைக்கும். சேசிஸுக்கு முதலில் ஆணை கொடுத்தவர், பாடி கட்டிய நிறுவனம், பாடியின் வகை, அனுப்பப்பட்ட நாள் ஆகியவை பெரும்பாலும் அதில் இருக்கும். வெப்ப நாட்டுக்குச் செல்லும் கார் என்றால் அதற்கென்று கேட்கப்பட்ட மாற்றங்களையும் சில அட்டைகளில் காணலாம். உங்கள் அத்தைக்கா அப்பாவுக்கா வெற்றி என்பதில் பாதி அங்கே தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்கு இங்கிலாந்து உதவாது. அது மேலூருக்கும் சிவகங்கைக்கும் இடையில்தான் கிடக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் முதல் பதிவு நாள், முந்தைய பதிவெண் ஆகியவற்றுக்கான பத்திகளில் மங்கிய மையில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் 1931-லேயே வந்துவிட்டதால், வரி கட்டிய ரசீதுகள் பழைய கணக்குப் பெட்டிகளில் அகப்படுவதுண்டு. ஜமீன்தார் சிறுவயதினராக இருந்து எஸ்டேட் சிறிது காலம் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசு நிர்வாகத்தில் இருந்திருந்தால் அந்த ஆவணங்களை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம். மோட்டார் ஷெட் செலவு என்ற ஒரு வரிகூட உங்களுக்குப் போதும். கல்யாண போட்டோக்களை எல்லாம் வெளியே எடுங்கள். மாப்பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் தெரியும் நம்பர் பிளேட்டைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காரை ஓட்டிய டிரைவரின் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். முதலாளி வீட்டில் தொலைந்துபோன சாவியும் கையேடும் டிரைவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்ததை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன்.

அந்த நான்கு துளைகள்தாம் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது; அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதிலிருந்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் கலன்களை வண்டிகளின் பின்னால் பொருத்தினார்கள். நம் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனமே டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற பெயரில் அதைத் தயாரித்தது. கரி வண்டி, கரி பஸ் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். வலு வெகுவாகக் குறையும், மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். ஆனாலும் வண்டி ஓடியது. உங்கள் காரின் துளைகள் அத்தகைய கலனைத் தாங்கியவையா, அல்லது வெறும் பயணப்பெட்டித் தாங்கிக்கு இட்டவையா என்பதை முடிவு செய்யும் சாட்சி முன்பக்கம் இருக்கிறது: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாயில் பின்னாளில் இட்டு அடைத்த துளையோ, கூடுதல் விளிம்போ இருந்தால், பின்னாலிருந்து முன்னால் ஒரு வாயுக் குழாய் வந்ததற்கு அது அடையாளம். அப்படி இருந்தால் அந்தத் துளைகளை வெல்டு வைத்து அடைக்க விடாதீர்கள். இங்கிலாந்து அட்டையில் இல்லாத, மதுரைச் சீமையில் மட்டுமே எழுதப்பட்ட அத்தியாயம் அது.

கடைசியாக ஒன்று. கதவுத் தூணின் உட்புறம் போன்ற மறைவான இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மெல்லிய நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போங்கள். மரத்தின் வளையங்கள் போல ஒன்றினுள் ஒன்றாக வண்ணங்கள் தெரியும்: மேலே உங்கள் சித்தப்பா அடித்த வெள்ளை, அதற்குள் ஒரு பச்சை, அதற்குள் கறுப்பு என்பதுபோல. கை மாறும்போது நிறமும் மாறுவது வழக்கம் என்பதால், எத்தனை வளையம் என்பது எத்தனை உரிமையாளர் என்பதற்கு ஒரு துணைச் சான்று.

மதுரை, எல்லீஸ் நகர் வாசகர்: எங்களிடம் 1924-ல் தயாரான ஒரு கார் உள்ளது. பெயின்ட் உரிந்து, இருக்கைத் தோல் வெடித்திருக்கிறது. உலோகப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் குரோம் பூசி, பளபளக்கும் மெட்டாலிக் மெரூன் அடித்து, புது ரெக்ஸின் தைத்துத் தருவதாக ஒரு பட்டறைக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்தால் உங்களிடம் ஓர் அழகான கார் இருக்கும், 1924-ஆம் ஆண்டுக் கார் இருக்காது. கார்களில் குரோம் பூச்சு 1920-களின் இறுதியில்தான் பரவியது. அதற்கு முன் இருந்தது நிக்கல், இல்லையென்றால் வெறும் பித்தளை. நிக்கல் சற்றே மஞ்சள் கலந்த இளஞ்சூடான வெண்மை. குரோம் நீலம் கலந்த குளிர்ந்த வெண்மை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் பிறகு ஏமாற மாட்டார்கள், போட்டி நடுவர்கள் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மெட்டாலிக் வண்ணமும் அந்தக் காலத்துக்கு உரியது அன்று.

புதுப்பிப்பதா, இருப்பதைப் பாதுகாப்பதா என்பதில் உலக அளவில் கருத்து மாறியிருக்கிறது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா வகுத்த டூரின் சாசனம், கூடியவரை குறைவாகத் தொடுவதையே வலியுறுத்துகிறது. நம் ஊரிலோ புதுப்பித்தல் என்றால் புதிதாக்குதல் என்றே பொருள். கும்பாபிஷேகத்துக்கு முன் கற்சிலை மேல் எனாமல் அடித்துவிடும் அதே கை இங்கேயும் வேலை செய்கிறது. என் கொள்கை இது: ஓடுவதற்கும் நிற்பதற்கும் தேவையானவற்றை, அதாவது பிரேக், ஸ்டியரிங், மின்கம்பி, டயர், எரிபொருள் குழாய் ஆகியவற்றைத் தயங்காமல் புதிதாக்குங்கள், கண்ணுக்கு மட்டும் தெரிபவற்றை முடிந்தவரை விட்டுவையுங்கள். வெடித்த தோலுக்குத் தோல் பதனிடும் எண்ணெய் இட்டுப் பார்க்கலாம். முற்றிலும் போயிருந்தால் மாற்றுங்கள், ஆனால் பழைய தோலில் ஒரு முழத்தையும் உள்ளே திணித்திருந்த குதிரை முடியில் ஒரு பிடியையும் உறையிலிட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

பெயின்ட் அடித்தே ஆக வேண்டும் என்றால் பட்டி வைப்பதைக் கட்டுப்படுத்துங்கள். அந்தக் காலத்துப் பாடிகளில் பல, ஆஷ் என்னும் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அறைந்தவை. உள்மரம் மக்கியிருக்கையில் வெளியே அங்குலக் கணக்கில் பட்டி இழைத்து நேராக்கினால் கார் ஓடும் முதல் நாளே கதவோரம் கீறல் விடும். ஆஷ் மரத்துக்கும் நம் கறையானுக்கும் ஆகாது. இங்கே அந்த நாளிலேயே தச்சர்கள் தேக்கில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் காரில் பழைய தேக்கு வேலை உறுதியாக இருந்தால், அது அசல் அல்ல என்று பிடுங்கி எறிய வேண்டாம். கோவை ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை பட்டறைக்காரரையும் அழைத்துச் சென்று வாருங்கள். நீங்கள் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்வதை அவர் பத்து நிமிடத்தில் பார்த்துப் புரிந்துகொள்வார்.

திண்டுக்கல் வாசகர்: எங்கள் 1937 அமெரிக்கக் காரின் எஞ்சின் இறுகிவிட்டது. கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்கிறார்கள். வேறொருவர் டீசல் எஞ்சின் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்.

பதில்: இழுக்காதீர்கள். துருவால் ஒட்டியிருக்கும் பிஸ்டனைச் சக்கரத்தின் வேகத்தால் பிடுங்கினால் ரிங் உடையும், கனெக்டிங் ராடு வளையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாள்தோறும் சிறிது நிரப்பி, இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பிறகு கைப்பிடியை மாட்டி முன்னும் பின்னுமாக அரை அங்குலம் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அசையாவிட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலையும், எஞ்சினில் கிடக்கும் பழைய ஆயிலையும் அதற்கு முன்பே வடித்துவிடுங்கள்.

எஞ்சின் சுழன்றபின் உங்களுக்குக் காத்திருக்கும் எதிரி துரு அன்று, நம் தண்ணீர். போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றியதால் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளில் சுண்ணாம்பு படிந்து, குழம்புச் சட்டியில் ஒட்டிய உப்பைப் போலக் கெட்டியாகியிருக்கும். எஞ்சின் சூடாகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். பக்கத்து மூடிகளைத் திறந்து கையால் சுரண்டி எடுங்கள். இனிமேல் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை மட்டும் பயன்படுத்துங்கள். பேரிங்குகள் வைட் மெட்டல் என்னும் மென்மையான கலப்பு உலோக வார்ப்பாக இருந்தால், அதை உருக்கி ஊற்றி லேத்தில் கடையத் தெரிந்த முதியவர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரித்து, அவர் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

டீசல் எஞ்சின் யோசனை புதிதன்று. சென்னை சிம்ப்சன் நிறுவனம் 1950-களில் பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியபின், பெட்ரோல் செலவைத் தாங்க முடியாத பெரிய கார்கள் பலவற்றில் அவை ஏறின. அன்று அது பிழைக்கும் வழி. இன்று நீங்கள் செய்தால், அடுத்த கேள்விக்கான பதிலில் சொல்லும் சட்டச் சலுகையை இழப்பீர்கள்.

மதுரை, பழங்காநத்தம் வாசகர்: மறைந்த தந்தையார் பெயரில் 1948 மாடல் கார் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் தொலைந்துவிட்டது. விண்டேஜ் பதிவு என்று ஒன்று வந்திருப்பதாகக் கேள்வி. பதிவு செய்து கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று எண்ணுகிறேன்.

பதில்: வாடகை எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 81ஏ முதலான விதிகள், முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களையே விண்டேஜ் என்கின்றன. சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதியும் காருக்கு மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட எண் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய எண் உங்களுடையது என்றால் அதை இழக்காதீர்கள், டிஎன் 58-ம் 59-ம் எங்கும் ஓடுகின்றன. அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுவதற்கும் அதில் இடமில்லை.

ஆனால் அதற்கு முன் கார் உங்கள் பெயருக்கு வர வேண்டும். வாரிசுச் சான்றிதழைத் தாசில்தார் அலுவலகத்தில் பெறுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களது சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். ஆர்.சி. தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, நகல் கோரும் 26-ஆம் படிவத்தையும், இறந்தவரிடமிருந்து பெயர் மாற்றும் 31-ஆம் படிவத்தையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். இப்போது கார் ஓடவில்லை, யார் கேட்கப்போகிறார்கள் என்று உடன்பிறந்தவர் கையெழுத்தைத் தள்ளிப்போடுவது நம் குடும்பங்களின் வழக்கம். காருக்கு நல்ல விலை சொல்லி ஒருவர் வாசலில் வந்து நிற்கும் நாளில் அந்தக் கையெழுத்து எளிதில் கிடைக்காது.

காரைக்குடி வாசகர்: எங்கள் ரோல்ஸ் ராய்ஸ் காரின் ரேடியேட்டர் மேலிருந்த பறக்கும் பெண் உருவம் காணாமல் போய்விட்டது. அது இல்லாவிட்டால் காரின் மதிப்புக் குறையுமா? இப்போது கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா?

பதில்: சார்லஸ் சைக்ஸ் என்னும் சிற்பி வடித்த அந்த உருவம் 1911-ல் வந்தது; தொடக்கத்தில் அது தனியே காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். வாங்காமல் விட்டவர்களும் உண்டு. ஆகவே அது இல்லாதது குறையன்று, போலியை ஒட்டுவதுதான் குறை. உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அசலான விளக்கும் ஹாரனும்கூட அகப்படலாம். உருவம் கிடைத்தால் வாங்குமுன் ஒரு காந்தத்தைக் கையில் கொண்டு செல்லுங்கள். ஒட்டினால் அது இரும்பு வார்ப்பு, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எத்தனால் பெட்ரோலைப் பொறுத்தவரை எஞ்சின் ஓடும். ஐந்தை ஒட்டிய குறைந்த அழுத்த விகிதம் உள்ள அந்த எஞ்சின்களுக்கு இன்றைய பெட்ரோலின் ஆக்டேன் எண் தேவைக்கு மேல்தான். கெடுதல் வேறு இடத்தில்: எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊற வைக்கும், கார்க் மிதவைகளின் அரக்குப் பூச்சைக் கரைக்கும், ஈரத்தை ஈர்த்து டேங்கின் அடியில் துரு சேர்க்கும். குழாய்களை இன்றைய தரத்துக்கு மாற்றுங்கள், மிதவையைப் பித்தளையில் செய்துகொள்ளுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட்டு நிறுத்துங்கள்.